தெருவுக்கே ஒரு நம்பர்

தலை நிறைய நுரையோடு நிற்கிற நேரம் பார்த்துத்தான் தையல் மாஸ்டருக்கு மெயில் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஜெராக்ஸ் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான், வெளியே மேஜைமேல் கிடக்கும் அவளுடைய போன் ‘டிங்’ என்று ஒரு சத்தம் போடும். உடனே அவள் புருஷன் கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதவருகே வந்து நிற்பார்.

“மெயில் திறக்கற கோட் வந்திருக்கு.”

“யாருக்காம்?”

“அதையெல்லாம் போட்டா அனுப்புவான்? வெறும் நம்பர்தான் இருக்கு. படிக்கட்டுமா?”

“மெதுவாப் படிங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுலயே எழுதியிருக்கும் பாருங்க.”

மனுஷன் மெதுவாகத்தான் படிப்பார். ஆனால் நாளெல்லாம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே ரிப்பேர் வேலை பார்க்கிறவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்து போயிருந்தது. கடைசி எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே சந்திலிருந்து, “கிடைச்சிடுச்சு அக்கா, ரொம்ப நன்றி” என்று தையல் மாஸ்டரின் குரல் கேட்கும். அக்கா நுரையோடு நுரையாக நின்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் அக்காவுக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டைப்பிங். திடீரென்று ஒரு காலம் வந்ததே, எதற்கெடுத்தாலும் மெயில் ஐடி கேட்ட காலம், பல்லைப் பிடுங்கப் போனால்கூட மெயில் ஐடி இருக்கிறதா என்று கேட்டார்கள். தெருவே அவள் கடைக்குப் படையெடுத்தது. வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து ஐடி திறந்து கொடுத்தவள் அவள்தான். திறக்கும்போது மெயில் கம்பெனி ஒரு போன் நம்பர் கேட்கும். தையல் மாஸ்டரிடம் அப்போது போனே கிடையாது. வேன் டிரைவர் சட்டை மாற்றுகிற மாதிரி சிம் கார்டு மாற்றுவார். கணக்கு வாத்தியாரோ, கண்டவனுக்கெல்லாம் நம்பர் கொடுக்கக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டார். வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கிறது. அக்கா என்ன செய்வாள், எல்லாருக்கும் தன் நம்பரையே போட்டுவிட்டாள்.

நம்பரோடு விட்டதா? ‘சிறுவயதில் நீங்கள் வளர்த்த பிராணியின் பெயர் என்ன?’ என்று ஒரு பாதுகாப்புக் கேள்வியும் வரும். முதல் இரண்டு பேரிடம் அக்கா கேட்டுப் பார்த்தாள். ஒருவர் எந்தப் பிராணியைச் சொல்வது என்று யோசிக்கப் போய் அரை மணி நேரம் தின்றார், இன்னொருவர் செத்துப்போன பூனையை நினைத்துக் கண்கலங்கிவிட்டார். அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த கறுப்பன் என்ற நாயின் பெயரையே எல்லாருக்கும் அடித்துவிட்டாள். ஆக, கம்பெனியின் கணக்குப்படி அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் சின்ன வயதில் வளர்த்தது ஒரே நாய்.

அன்றிலிருந்து தெருவில் யார் மெயிலைத் திறந்தாலும், யார் பாஸ்வேர்டை மறந்தாலும், கோட் வந்து இறங்குவது அவள் போனில்தான். சினிமாவுக்குப் போனால் பாதியில் வெளியே வர வேண்டும். லிஃப்டில் ஏற மாட்டாள், சிக்னல் போய்விடும் என்று மூச்சு வாங்கப் படியேறுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். நம்மை விட்டால் இந்தத் தெருவுக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு அவள் கொடுத்த விலைதான் அவளுடைய தங்கச்சி.

தங்கச்சிக்கு மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. எவ்வளவு மழை பெய்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அளந்து கீழே அனுப்பிக்கொண்டிருப்பாள். அவள் புருஷனுக்கு அணைக்கட்டில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அங்கே மொபைல் சிக்னல் என்பது அறவே கிடையாது. நிலையத்தில் கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டும் ஒரு பழைய போனும்தான். சிக்னல் வேண்டுமென்றால் வீட்டைவிட்டு இறங்கி, மலைப்பாதை திரும்புகிற வளைவுவரை நடக்க வேண்டும்.

முதல் பிரசவத்துக்கு அக்கா போனாள். அம்மா இல்லாத பெண், அக்காதானே போக வேண்டும்? போனவள் குழந்தையைக் குளிப்பாட்டிய நேரத்தைவிட அந்த வளைவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். மூன்றாம் நாள் வாத்தியார் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து மெயிலைப் பூட்டிவிட்டார். அக்கா வளைவுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் கோட் காலாவதியாகிவிடுகிறது. வாத்தியார் புலம்ப, அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்து திறந்து பார்த்தால் வாத்தியாருக்கு வந்திருந்தது ஒரே ஒரு மெயில், மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம்.

தங்கச்சி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இப்போது இரண்டாவது குழந்தை. நிலையத்துப் போனிலிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“வர்றியா அக்கா?”

“இது என்னடி கேள்வி? வராம?”

“வந்தா நான் எழுந்து நடமாடற வரைக்கும் இரு. பாதியில ஓடறதா இருந்தா வரவே வேணாம். போன தடவை நீ போனப்புறம் தனியாக் கிடந்து அழுதேன். திரும்பவும் என்னால முடியாது.”

அவ்வளவுதான் சொன்னாள். வைத்துவிட்டாள். இந்தத் தடவையும் பாதியில் வந்தால் தங்கச்சி இல்லை என்று அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அதனால் ஒரு முடிவெடுத்தாள். திங்கட்கிழமை காலை பஸ். அதற்கு முந்தின ஞாயிறு தெருவையே கடைக்கு வரவழைத்து, அவரவர் மெயிலில் அவரவர் நம்பரைப் போட்டு ஒப்படைத்துவிடுவது. யாருக்கு எது தோதுப்படும் என்று நாலு நாள் அக்கா உட்கார்ந்து படித்தாள்.

“இத்தனை வருஷம் எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை மாட்டிவிட்டுட்டேன். இன்னைக்கு ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தான் கொடுக்கப் போறேன்” என்றாள் ஞாயிறு காலை கடையில் கூடியிருந்தவர்களிடம்.

முதல் அளவு தையல் மாஸ்டருக்கு. அவருக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து சரியாகத் தெரியாது, அதனால் பெரிய எழுத்தில் காட்டுகிற மெயில் ஆப். அதைவிட முக்கியம், குப்பை மெயிலை வடிகட்டுகிற ஆப். ஏனென்றால் மாஸ்டர் விளம்பர மெயில் ஒன்று விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் ‘தற்சமயம் தேவைப்படவில்லை, விசாரித்ததற்கு நன்றி’ என்று பதிலும் போடுகிறவர்.

“பதில் போடலைன்னா மரியாதை இல்லையே அக்கா.”

“மாஸ்டர், நீங்க பதில் போடப் போடத்தான் இங்க ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சு இன்னும் அனுப்புறான். அப்புறம், உள்ளே இருக்கிற நீல எழுத்தை அமுக்கவே அமுக்காதீங்க.”

“அமுக்கினா?”

“எவனுக்கோ உங்க வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுத்த மாதிரி.”

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நிறைய அமுக்கியிருப்பார் போல. அக்கா பேசாமல் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்து வேன் டிரைவர். “உங்க நம்பர் சொல்லுங்க” என்றால், “இன்னைக்கு நம்பரா, நாளைக்கு நம்பரா?” என்று கேட்கிறார். ஒரு சிம்மையாவது சாகிற வரைக்கும் வைத்திருப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு அதைப் போட்டாள். இன்னும் சிலரும் வந்தார்கள், போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கணக்கு வாத்தியார் நாற்காலியில் வந்து உட்காரும்வரை.

“ஏம்மா, நான் எழுதறதை அந்த கம்பெனிக்காரன்கூடப் படிக்கக் கூடாது. அப்படி ஒரு மெயில் இருக்கா?”

“இருக்கு சார். பூட்டுப் போட்டு அனுப்புற மெயில். ஆனா நீங்க யாருக்கு எழுதுறீங்களோ அவங்களும் அதையே வச்சிருந்தாத்தான் முழுசா நல்லது. யாருக்கெல்லாம் எழுதுவீங்க?”

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார்.

“இதுவரைக்கும் யாருக்கும் எழுதினதில்லை. ஒருவேளை எழுதினா?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போதைக்கு இருப்பதையே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி, கம்ப்யூட்டரில் அவருடைய நம்பரை அடித்தாள். வாத்தியார் கையிலிருந்த புதுப் போனில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. ‘உங்கள் கணக்கில் போன் நம்பர் மாற்றப்படுகிறது. மாற்றுவது நீங்கள்தானா?’ கீழே இரண்டு பொத்தான். ‘ஆமாம், நான்தான்’ என்று ஒன்று, ‘நான் இல்லை’ என்று இன்னொன்று. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ‘ஆமாம்’ என்று அமுக்கிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் கேள்வியை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பார்த்தார். பிறகு நிதானமாக ‘நான் இல்லை’ என்பதை அமுக்கினார்.

“சார், என்ன பண்ணீங்க?”

“கேட்டான், சொன்னேன். மாத்தினது நீதானே? வாழ்க்கையில ஒரு தடவைகூட நான் தப்பான விடை எழுதினதில்லை.”

கம்பெனி அப்போதுதான் விழித்துக்கொண்டது. அதன் பக்கத்திலிருந்து பாருங்கள், நியாயம் தெரியும். ஒரே போன் நம்பரில் ஒரு தெருவே தொங்குகிறது. ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாரோ வரிசையாக நம்பரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு நல்ல மனுஷன், நான் இல்லை, நான் இல்லை என்று முறையிடுகிறார். போதாததற்கு எல்லாருக்கும் ஒரே நாய். இதைப் பார்த்த பிறகும் திருட்டு என்று நினைக்காமல் இருக்க அது என்ன மடையனா? அக்காவின் போன் ‘டிங் டிங்’ என்று கதற ஆரம்பித்தது. வந்த அத்தனை செய்தியும் ஒன்றையே சொன்னது. பாதுகாப்புக் கருதி எல்லா மாற்றமும் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு தானாக நடக்கும். அதுவரை கோட் பழைய நம்பருக்கே வரும்.

பழைய நம்பர் அக்காவின் நம்பர். பஸ் நாளைக் காலை.

“ஐயையோ, அப்ப நீங்க நாளைக்குப் போக முடியாதே அக்கா” என்றார் தையல் மாஸ்டர். வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேன் டிரைவர் முகத்திலும் அதே நிம்மதி. அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“போக முடியாதா? என் தங்கச்சி அங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசலைப் பார்த்துட்டு இருக்கா. உங்க தைல விளம்பரத்துக்காக ஒரு தடவை அவளை விட்டுட்டு ஓடி வந்தேன், இன்னும் அவ முகம் கொடுத்துப் பேசலை. இந்தத் தடவை நான் போறேன். மெயில் திறக்கலைன்னா ஒரு வாரம் மூடியே கிடக்கட்டும்.”

வாத்தியார் போனைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா வாய்ச்சவடாலாகச் சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் துணி எடுத்து வைக்க மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“நான் போயிட்டா எல்லாருக்கும் கோட் எப்படிங்க கிடைக்கும்? மாஸ்டருக்கு மெயில்லதான் ஆர்டரே வருது.”

புருஷன் ஸ்க்ரூடிரைவரால் முதுகைச் சொறிந்தபடி சொன்னார். “கோட் வர்றது உனக்கா, போனுக்கா?”

“போனுக்கு.”

“அப்ப போன் இங்க இருக்கட்டும். நீ எதுக்கு இருக்கணும்?”

இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் வேடிக்கை. போனும் தானும் ஒன்று என்றே ஆகிப்போயிருந்தாள். சரி, போன் இருக்கும், அதை யார் பார்த்துக்கொள்வது? இவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குக் கிளம்பினால் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார்கள்.

மாமியாருக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. தன்னைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பது.

“அத்தை, போன்ல யாராவது கோட் கேட்டா சொல்லவே கூடாது. யாரா இருந்தாலும் சரி, தெரிஞ்ச குரலா இருந்தாலும் சரி. நேர்ல வந்து நின்னா, முகத்தைப் பார்த்துட்டுக் கொடுங்க. புரிஞ்சுதா?”

“நேர்ல வரணும். முகத்தைப் பார்க்கணும். இதுல புரியாம என்ன இருக்கு? நீ நிம்மதியாப் போயிட்டு வா” என்று மாமியார் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை மருமகள் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

போன் இல்லாமல் அக்கா மலையேறினாள். பஸ்ஸில் உட்கார்ந்து நொடிக்கொரு தரம் போன் செருகுகிற இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். போன இரண்டாம் நாள் மலை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூக்கும் முழியுமாக நன்றாக இருந்தது. தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். அக்கா சமைத்தாள், துவைத்தாள், பெரியவனைக் கொஞ்சிச் சாப்பிட வைத்தாள், சின்னதைக் குளிப்பாட்டினாள். தங்கச்சி எல்லாவற்றுக்கும் “சரிக்கா” என்றாள். அதற்குமேல் பிடி கொடுக்கவில்லை. அக்கா எதற்காவது வாசல் பக்கம் போனால் மட்டும் அவள் கண்கள் கூடவே போகும். வளைவுக்குத்தான் போகிறாளோ என்று பார்க்கிறாள், அக்காவுக்குத் தெரிந்தது. வாசல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் நிலையத்துப் போன் அடித்தது. நிலையமும் வீடும் ஒரே சுவர், போன் ஜன்னலோரம் இருந்தது. பழைய போன், எதிர்முனைக் குரல்கூட வெளியே வரும், படுத்திருக்கிற தங்கச்சிக்கு எல்லாம் கேட்கும். எடுத்தால் புருஷன்.

“இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது. ரொம்பவே ஒழுங்கா நடக்குது, அதுதான் பிரச்சனை. மெயில் கம்பெனியிலிருந்து பேசுறேன்னு ஒருத்தன் கூப்பிட்டான். கோட் சொல்லலைன்னா மெயிலையே மூடிடுவாங்களாம். அம்மா, ‘நேர்ல வாப்பா, உன் முகத்தைப் பார்க்கணும்’னு சொல்லிட்டாங்க. நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். நாலாவது தடவை நீ சாப்பிட்டியான்னு இவங்க கேட்டதும் வச்சவன்தான்.”

“நல்லதுதானே?”

“அது நல்லது. வேன் டிரைவர் வெளியூர்ல மாட்டிக்கிட்டுக் கோட் கேட்டான், அவனுக்கும் அதே பதில்தான். பாவம், வேனைத் திருப்பிக்கிட்டு வந்து முகத்தைக் காட்டிட்டுப் போனான். சரி, இங்க மாஸ்டர் பக்கத்துல நிக்கிறாரு, உன்கிட்டப் பேசணுமாம்.”

தையல் மாஸ்டர் குரல் தழுதழுத்தது. “அக்கா, உங்க மாமியார் எனக்குக் கோட் தர மாட்டேங்கிறாங்க.”

“நேர்லதானே போனீங்க?”

“நேர்லதான் போனேன். முகத்தைப் பார்த்தாங்க. பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு. போன வருஷம் தைக்கக் கொடுத்த திரைச்சீலை எங்கேன்னு கேக்குறாங்க. அதைக் கொண்டு வந்தாத்தான் கோடாம். அவங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்த கோடும் செத்துப்போகுது. அக்கா, நீங்க ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போனீங்கன்னா போதும். காலையில பஸ் ஏறினா மத்தியானம் இங்க. அடுத்த நாளே திரும்பிடலாம். உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?”

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதுதான் அக்காவைப் பிடித்து இழுக்கிற கயிறு. ஒரு நாள்தானே என்று மனசு ஒரு பக்கம் சொல்லத்தான் செய்தது. அவள் தன்னையறியாமல் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலில் தங்கச்சி இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து, கொடியிலிருந்த அக்காவின் புடவைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பையில் வைத்து, பையை வாசல்கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு போய் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்க அக்கா.”

“திரைச்சீலையைத் தைச்சுக் கொடுங்க.”

“அக்கா?”

“ஒரு வருஷமாச்சுல்ல? தைச்சுக் கொடுங்க. நான் வரலை. இனிமே இதுக்கு இங்க கூப்பிடாதீங்க.”

வைத்துவிட்டாள். கதவோரத்திலிருந்த பையை எடுத்து வந்து, புடவைகளை ஒவ்வொன்றாக உதறி மறுபடி கொடியில் போட்டாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே தங்கச்சி கேட்டாள்.

“திரைச்சீலையா?”

“ஆமா.”

“ஒரு வருஷமாவா?”

“ஆமாடி.”

கட்டில் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று அக்கா பதறி ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். “தையல் வலிக்குதுக்கா, தையல் வலிக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்காவும் கட்டிலில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து சிரித்தாள். முன்னே அழுததற்கும் சேர்த்து இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள்.

அதன் பிறகுதான் தங்கச்சி பழைய தங்கச்சி ஆனாள். ஒரு நாள் மடியில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் மெயிலைத் திறந்தாள். கோட் கேட்டது. அவள் போனை எடுத்து எட்டிப் பார்த்து ஏதோ நம்பரை அடித்தாள், மெயில் திறந்துகொண்டது. அக்கா கையிலிருந்த குழந்தைத் துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“சிக்னலே இல்லையே. கோட் எப்படி வந்துச்சு?”

“வரலை அக்கா. இந்த ஆப் போனுக்குள்ளயே கோட் போட்டுக்கிட்டு இருக்கும். அரை நிமிஷத்துக்கு ஒண்ணு மாறும். சிக்னல் வேணாம், மெசேஜ் வேணாம். இங்க இது இல்லாம நான் எப்படி வேலை பார்க்கிறது? உனக்குத் தெரியாதா? அக்கவுன்ட் திறக்கறப்பவே கேப்பானே, இது வேணுமான்னு.”

கேட்டான்தான். ஒவ்வொரு தடவையும் கேட்டான். ‘பிறகு பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை, தெருவில் இருக்கிற அத்தனை பேருக்காகவும், வருஷக்கணக்கில் தன் விரலாலேயே அமுக்கி வந்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. லிஃப்டில் ஏறாமல் ஏறிய படிகளும் ஞாபகம் வந்தன. மூட்டு லேசாக வலிக்கிற மாதிரிகூட இருந்தது.

“வேன் டிரைவருக்கு இதுதான்டி சரி” என்றாள் கடைசியில்.

கம்பெனி சொன்ன ஒரு வாரம் முடிந்தது. எல்லா மாற்றமும் தானாக நடந்துவிட்டது, இப்போது அவரவர் கோட் அவரவர் போனுக்கே வருகிறது என்று புருஷன் தகவல் சொன்னார். மாமியார்தான் பாவம், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், ஒருத்தரும் வருவதில்லையாம். திரைச்சீலை மட்டும் புதிதாக ஜன்னலில் தொங்குகிறதாம். அக்கா அதற்குப் பிறகும் மலையில்தான் இருந்தாள். தங்கச்சி எழுந்து நடமாடி, மழை அளக்கிற குடுவையைத் தானே போய் எட்டிப் பார்க்கிற வரைக்கும் இருந்தாள்.

கிளம்புகிற அன்று, தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவுவரை கூடவே நடந்து வந்தாள். பஸ் வர நேரமிருந்தது. சிக்னல் வந்ததும் அவள் போனை எடுத்து எதையோ திறந்தாள்.

“அக்கா, இந்த ஆப் இருக்கிற போனே தொலைஞ்சுபோச்சுன்னா மெயிலைத் திருப்பி வாங்க, நம்பிக்கையான ஒருத்தர் நம்பர் கேக்குறான். முன்னாடி உன் நம்பர்தான் போட்டிருந்தேன். போன தடவை நீ போனதும் கோபத்துல எடுத்துட்டேன்.”

தங்கச்சி அவள் நம்பரைப் பார்க்காமலேயே அடித்தாள்.

“தெருக்காரங்க நம்பரையெல்லாம் விட்டுட்டே. இது ஒண்ணு மட்டும் உன்கிட்டயே இருக்கட்டும். இப்ப உன் போனுக்கு ஒரு கோட் போயிருக்கும், அதைச் சொன்னாத்தான் முடியும்.”

“என் போன் அத்தைகிட்டல்ல இருக்கு?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கச்சி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். முதல் மணியிலேயே மாமியார் எடுத்துவிட்டாள்.

“அத்தை, நான்தான் பேசுறேன். இப்ப ஒரு கோட் வந்திருக்கும் பாருங்க. அதைக் கொஞ்சம் படிங்க.”

“வந்திருக்கு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஒண்ணு வந்திருக்கு. யார் பேசுறது?”

“உங்க மருமக அத்தை.”

“குரல் அப்படித்தான் இருக்கு. ஆனா தெரிஞ்ச குரலா இருந்தாலும் சொல்லாதேன்னு என் மருமகதான் சொல்லிட்டுப் போயிருக்கா. நேர்ல வாம்மா. முகத்தைப் பார்த்துட்டுத் தர்றேன்.”

“அத்தை, அதைச் சொன்னதே நான்தான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் மாமியார். “சரி, சாப்பிட்டியா?”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு, குழந்தை குலுங்காமல் சிரிக்கப் படாதபாடு பட்டாள். கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டாள்.

“ஊருக்குப் போனதும் போனை வாங்கி, நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சொல்றேன்டி.”

“போன்ல கோட் சொல்லக் கூடாதுக்கா” என்றாள் தங்கச்சி. “நேர்ல கொண்டு வந்து சொல்லு.”

“அது அஞ்சு நிமிஷத்துல செத்துப்போற கோட்.”

“அதனால என்ன? நீ அங்கிருந்து எடுத்துக்கிட்டுக் கிளம்பு. செத்துப்போனா இங்க வந்து புதுசு வாங்கிக்கலாம்.”

பஸ் வந்து நின்றது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, “அடுத்த மாசம் வர்றேன்” என்றாள். தங்கச்சி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். பஸ் வளைவு திரும்புகிறவரை அக்கா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பைத் தடவிப் பார்க்கவில்லை.